சீமெந்து மூடுவதற்கு முன்

வீட்டு நிலத்தைச் சூடாக்குவதற்கு ஒருவர் காசு செலவழிக்கிறார் என்று சொன்னால் கல்முனைப் பக்கத்தில் சிரிப்பார்கள். நண்பகலில் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்க முடியாத ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் இருபத்திரண்டு வருடங்களாக ஹாட்வெயார் கடை நடத்தும் நான், 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் கனடாவின் டொரொன்டோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே என் ராத்தாவின் மகனுடைய வீட்டில், நிலத்துக்குக் கீழ் சுடுநீர்க் குழாய் பதிக்கும் வேலையை ஐந்து கிழமைகள் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய் விற்றுப் பிழைக்கும் எனக்கு, குழாயைப் பற்றி அங்கே ஒரு பாடம் கிடைத்தது. வியாபாரச் சகோதரர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். அந்த வீட்டில் படி ஏறி இறங்காமல் அவ தங்கக்கூடிய இடம் பேஸ்மண்ட் எனப்படும் நிலக்கீழ்த் தளம் மட்டுந்தான். வீட்டின் பின்பக்க நிலம் சரிவாக இருப்பதால் வெளியே இருந்து நேராக அதற்குள் நுழையலாம். ஆனால் பழைய கொங்கிறீட் தரை. மாரி காலத்தில் அதில் கால் வைக்க முடியாது. அவ நிலத்தில் பாய் விரித்துத் தொழுபவ. முதல் வருடம் தை மாதத்தில் ஸுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் அழுதாவாம். அதனால்தான் மருமகன் கடன் எடுத்து இந்த வேலையைத் தொடங்கினான்.

நிலச் சூடு எப்படி வேலை செய்கிறது?

கனடாவில் பல வீடுகளில் வாயு அடுப்பு ஒன்று காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய் வழியாக அறைகளுக்கு ஊதும். சூடான காற்று மேலே போகும் இயல்புடையது. ஆகவே தலைக்குச் சூடும் காலுக்குக் குளிருமாக இருக்கும். வீட்டின் அடித்தளத்தில் இருப்பவருக்கு இந்தக் குறை இன்னும் அதிகம்.

நிலச் சூடு இதற்கு நேர்மாறானது. கொங்கிறீட்டுக்குள் வளைத்து வளைத்துப் பதித்த குழாயில் சூடான நீர் ஓடுகிறது. முழுத் தரையும் மெல்லச் சூடாகி, அந்தச் சூட்டை மனிதருக்கும் சுவருக்கும் தளபாடத்துக்கும் கொடுக்கிறது. சுவரோரத்தில் வைக்கும் பழைய இரும்பு ரேடியேட்டருக்கு 70, 80 பாகை செல்சியஸ் சூட்டில் நீர் வேண்டும். நிலத்துக்கோ 35 முதல் 45 பாகை வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். தரையின் மேற்பரப்பை 29 பாகைக்கு மேல் போக விடுவதில்லை. அதைத் தாண்டினால் காலுக்கு இதமிருக்காது.

இது புதிய யோசனையும் அல்ல. கொரியர்கள் அடுப்பின் புகையையும் அனலையும் அறையின் நிலத்துக்குக் கீழே செலுத்தி வாழ்ந்தார்கள். ஒண்டோல் என்பது அதன் பெயர். உரோமர்கள் குளியல் மண்டபங்களின் தரையைத் தூண்களில் உயர்த்தி, கீழே நெருப்பின் அனலை ஓடவிட்டார்கள். அமெரிக்காவில் 1947க்கும் 1951க்கும் இடையில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற பெரிய வீட்டுத் திட்டம் கட்டப்பட்டது. அந்த வீடுகளின் கொங்கிறீட் தரைக்குள் செப்புக் குழாய் பதித்துச் சூடாக்கினார்கள். காலம் செல்லச் செல்லப் பல வீடுகளில் அந்தச் செப்பு அரித்து ஒழுகியது. தரையை உடைக்க மனமில்லாத பலர் அந்த முறையையே கைவிட்டு வேறு வழியில் வீட்டைச் சூடாக்கினார்கள். புதைத்த பொருள் பழுதானால் பொருளின் விலை மட்டும் நட்டமாவதில்லை, அதன்மேல் கட்டிய எல்லாமே நட்டமாகும்.

இன்று செப்புக்குப் பதிலாக பெக்ஸ் எனப்படும் ஒரு வகை பொலித்தீன் குழாய் பாவிக்கப்படுகிறது. அது வளையும், துருப்பிடிக்காது, சுருளாக வரும்.

மலிவு விலைக் குழாய்

மருமகனின் பேஸ்மண்ட் 600 சதுர அடி. குழாய்களுக்கு இடையில் 9 அங்குலம் விட்டுப் பதிப்பதாகத் திட்டம். கணக்குப் பார்த்தால் 800 அடி குழாய் வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஒரு சுற்று ஏறக்குறைய 300 அடிக்கு மேல் போகக் கூடாது. போனால் நீர் கடைசிக்கு வருவதற்குள் ஆறிவிடும், பம்பும் திணறும். ஆகவே மூன்று சுற்றுகள். சுவருக்குப் போய் வரும் நீளத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் 275 அடி.

மருமகன் கெட்டிக்காரன். வேலை தொடங்கு முன்பே மலிவு விற்பனையில் 500 அடிச் சுருள் இரண்டு வாங்கி வைத்திருந்தான். "மாமா, ஆயிரம் அடி இருக்கு. மிச்சமும் வரும்" என்று பெருமையாகச் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

கொந்தராத்துக்காரர் போர்த்துக்கல்லில் பிறந்த வயதான மனிதர். வந்ததும் சுருளைத் தூக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளை வாசித்தார். பிறகு இரண்டு காரணம் சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

முதலாவது, அது குடிநீர்க் குழாய். பெக்ஸ் குழாயின் சுவரூடாக ஒட்சிசன் சிறிது சிறிதாக உள்ளே போகும். குடிநீருக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் சூடாக்கும் குழாயில் ஒரே நீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதில் ஒட்சிசன் சேர்ந்தால் பம்பிலும் கொதிகலனிலும் உள்ள இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். இதற்கென்றே ஒட்சிசனைத் தடுக்கும் மெல்லிய படலம் போட்ட குழாய் வேறாக விற்கப்படுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அச்சடித்த எழுத்து மட்டுமே வித்தியாசம்.

இரண்டாவது, சுருளின் நீளம். 500 அடியில் ஒரு 275 வெட்டினால் மிச்சம் 225. இரண்டு சுருளிலும் அப்படித்தான். மூன்றாவது சுற்றுக்கு இரண்டு துண்டை இணைக்க வேண்டும். "கொங்கிறீட்டுக்குள் வேண்டுமென்றே ஒரு மூட்டு வைக்க மாட்டேன்" என்றார் அவர். ஒவ்வொரு சுற்றும் வெட்டில்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

பற்றுச்சீட்டு இருந்ததால் கடைக்காரர் திருப்பி எடுத்தார். படலம் போட்ட 300 அடிச் சுருள் மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 25 அடி வீணாகத்தான் போனது. அந்த 75 அடிதான் நிம்மதிக்குக் கொடுத்த விலை. வெட்கத்தோடு சொல்கிறேன்: ஆயிரம் அடி என்று கேட்டவுடன் கணக்குச் சரி என்று தலையாட்டியவன், குழாய் வியாபாரியான நான்.

கண்ணுக்குத் தெரியாத சாமான்

பழைய தரையை உடைத்து மண்ணை வெட்டி எடுத்தார்கள். கற்சல்லி பரப்பினார்கள். அந்தக் கல்லுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்து மேலே எழுப்பினார்கள். மண்ணிலிருந்து ரேடன் என்ற கதிரியக்க வாயு கசியுமாம். மணமில்லை, நிறமில்லை. புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது அதுதான் என்று கனடாவின் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. பின்னர் அளந்து பார்த்து அளவு கூடினால், அந்தக் குழாயில் ஒரு விசிறி பூட்டி வாயுவை வெளியேற்றலாம். தரை திறந்திருக்கும்போது இது சின்னச் செலவு.

அதன்மேல் 2 அங்குலத் தடிப்பில் கடினமான ஃபோம் பலகை. எட்டுக்கு நாலு பலகையில் 19 தேவைப்பட்டது. இங்கேதான் மருமகனின் மனம் தளம்பியது.

"மாமா, இது யார் கண்ணுக்கும் தெரியாத சாமான். இதுக்கும் இவ்வளவு சல்லி போடணுமா? மெல்லிசாப் போட்டா என்ன?"

கொந்தராத்துக்காரர் கோபப்படவில்லை. "கீழே மண் பத்துப் பாகையளவில் இருக்கிறது. பலகை இல்லாவிட்டால் உன் சூடு பூமிக்குள் போகும். மாதாமாதம் பில் வரும்போது என்னை ஏசுவாய்" என்றார். தரையின் ஓரங்களிலும் சுவரைச் சுற்றி நிறுத்திப் பலகை வைத்தார். சூடு அதிகமாகத் தப்புவது ஓரத்தால்தானாம்.

பலகையின் மேல் ஈரம் தடுக்கும் பொலித்தீன் விரிப்பு. அதன்மேல் கம்பி வலை. வலையில் குழாயைக் கட்டினார்கள். நகரசபையில் அனுமதி எடுத்த வேலை என்பதால், மூடு முன் பரிசோதகரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அழுத்தமானியின் ஊசி

குழாய்களின் முனைகள் எல்லாம் சுவரோரத்தில் மெனிபோல்ட் எனப்படும் ஒரு பித்தளைத் தலையில் வந்து சேர்ந்தன. அதில் ஓர் அழுத்தமானியைப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் வரை காற்றடித்தார்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும்.

மறுநாள் காலையில் முதலில் ஓடிப் பார்த்தவன் நான்தான். ஊசி 97இல் நின்றது. ஒழுகுகிறது என்று சத்தம் போட்டேன். கொந்தராத்துக்காரர் சுவரில் இருந்த வெப்பமானியைக் காட்டினார். காற்றடித்தபோது 20 பாகை. விடியற்காலையில் 12. குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் தானாகக் குறையும், அந்த மூன்று இறாத்தல் அதுதான் என்றார். மதியத்தில் அறை சூடாக ஊசியும் மேலே வந்தது.

பரிசோதனை முடிந்தது, இனிக் காற்றைத் திறந்து விடுவார் என்று எண்ணினேன். விடவில்லை. கொங்கிறீட் போடும்போதும் அழுத்தம் இருக்க வேண்டும் என்றார்.

கொங்கிறீட் போடும் நாள் வந்தது. தடிப்பு 4 அங்குலம். ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு பம்ப் பண்ணினார்கள். பாதி அறை நிரம்பியிருக்கும். மெனிபோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற பையன் கையை உயர்த்திக் கத்தினான். ஊசி 100இலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. 80, 60, 40.

பம்ப் நிறுத்தப்பட்டது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். சுவரிலிருந்து ஆறு அடி தூரத்தில், ஈரக் கொங்கிறீட்டில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. கொங்கிறீட்டைப் பரப்பிய ஒருவரின் மண்வெட்டி நுனி குழாயில் பட்டிருக்கிறது. கையால் அள்ளி எடுத்தார்கள். வெட்டு ஒரு நகத்தின் அளவுதான்.

காயப்பட்ட துண்டை வெட்டி எடுத்து, அந்தக் குழாய்க்கென்றே செய்த பித்தளை மூட்டைப் பூட்டி, கொங்கிறீட் படாமல் சுற்றிக் கட்டி, மறுபடியும் 100க்குக் காற்றடித்தார்கள். வெளியே லொறி காத்து நின்றது. கொங்கிறீட் இறுகும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஊசி அசையாமல் நிற்கும்வரை அந்த மனிதர் ஒரு வாளி கொங்கிறீட்கூடப் போட விடவில்லை.

அதன்பின் அவர் செய்ததுதான் என் மனதில் தைத்தது. மருமகனைக் கூப்பிட்டார். "எங்கள் ஆள் உன் குழாயை வெட்டிவிட்டான். மூட்டு வைக்க மாட்டேன் என்று சொன்னேன். இப்போது ஒன்று வைக்க வேண்டி வந்துவிட்டது. அது இங்கே இருக்கிறது" என்று இரண்டு சுவரிலிருந்தும் நாடா பிடித்து அளந்து, வரைபடத்தில் குறித்து, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. அவர் வாய் திறக்காவிட்டால் பத்து நிமிடத்தில் கொங்கிறீட் எல்லாவற்றையும் மூடியிருக்கும்.

என் கடையில் நடந்தது

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2019இல் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பகுதியில் ஒருவர் புதிய குளியலறை கட்டினார். டைப் 1000 பீ.வீ.சீ. குழாய் வாங்க வந்தவர், விலையைக் கேட்டுவிட்டு டைப் 600 எடுத்தார். அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாய்க்கு, அதுவும் சுவருக்குள் போகும் குழாய்க்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்று வாய் திறக்கவில்லை.

எட்டு மாதத்தில் சுவர் ஊறியது. டைல்ஸ் உடைத்தார்கள். அவர் கடைக்கு வந்து கேட்டபோது, "பிளம்பர் ஒழுங்காகப் பூட்டியிருக்க மாட்டார்" என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் கடைக்கு வரவில்லை. சீமெந்து என்னுடைய பிழையையும் சேர்த்து மூடியிருந்தது.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை என்று சொன்னேன். டைல்ஸ் செலவில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் வழியில் கண்டால் அவரே முந்தி ஸலாம் சொல்கிறார்.

நமக்குரிய பாடம்

நிலச் சூடு நமது நாட்டுக்குத் தேவைப்படாது. கனடாவிலும் அது எல்லோருக்கும் பொருந்தாது. கொங்கிறீட் சூடாகப் பல மணித்தியாலம் எடுக்கும். வந்து போகிறவரின் அறைக்கு அது ஏற்றதல்ல. தடித்த கம்பளம் விரித்தால் சூடு மேலே வராது, டைல்ஸ்தான் நல்லது. சிறிய குளியலறைக்கென்றால் டைல்ஸுக்குக் கீழே விரிக்கும் மின்கம்பி விரிப்பே போதும், தரையை உடைக்கத் தேவையில்லை. அதேவேளை, நாள் முழுக்க ஒருவர் இருக்கும் அறைக்கு இதைப்போல் ஒன்றில்லை. ஒன்டாரியோவில் வேலை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை மின்சாரம் மலிவு. மருமகன் பூட்டிய சிறிய மின் கொதிகலன் பெரும்பாலும் இரவில் வேலை செய்கிறது. கொங்கிறீட் அந்தச் சூட்டைப் பகலுக்குச் சேமித்து வைக்கிறது.

ஆனால் புதைக்கும் பொருளை விற்கும் வியாபாரம் நமது நாட்டில் ஊருக்கு ஊர் நடக்கிறது. குழாய், மின்கம்பி, கம்பி, மொட்டை மாடிக்குப் பூசும் நீர்த்தடுப்பு எல்லாமே மூடப்படுபவைதான். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பிறகு, மறைந்து போகும் பொருளில்தான் மக்கள் முதலில் சிக்கனம் பார்த்தார்கள். வெளியே தெரியும் டைல்ஸில் அல்ல. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

என் கடையில் இப்போது நான்கு விடயங்களைக் கடைப்பிடிக்கிறேன்.

ஒன்று, குழாய் எங்கே போகிறது என்று கேட்ட பிறகே விலை சொல்கிறேன். சுவருக்குள் என்றால் பொருந்தாத வகையைக் கொடுப்பதில்லை. இதனால் சில வியாபாரம் கைநழுவிப் போயிருக்கிறது. உண்மைதான்.

இரண்டு, கையால் அடிக்கும் அழுத்தப் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். என்னிடம் குழாய் வாங்குபவருக்கு ஒரு நாளைக்கு இரவல். வாடகை இல்லை. டைல்ஸ் ஒட்டு முன் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று மேசன்மாருக்கும் பிளம்பர்மாருக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

மூன்று, மூடு முன் அளவு நாடாவைப் பிடித்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். பிறகு ஆணி அடிப்பவருக்கு அது உதவும்.

நான்கு, பிழை நடந்தால் அதைத் திறந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அப்போது அதன் விலை ஒரு பித்தளை மூட்டும் அரை மணித்தியாலமும். மூடிய பிறகு ஒரு குளியலறை. சில வேளை ஒரு வாடிக்கையாளர்.

கொங்கிறீட் போட்டு 28 நாள் கழியும்வரை சூடேற்றக் கூடாது என்பதால் நான் அந்தத் தரையின் சூட்டைப் பார்க்கவில்லை. தை மாதம் ராத்தா கோல் எடுத்தா. வெளியே பனி கொட்டுகிறதாம். "தம்பி, சுபஹுக்கு நிலத்துல இருந்தா நம்மட வாசல்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்றா. அந்த மூட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவவின் பாய்க்கு நேரே கீழேயாம். ஒரு துளியும் ஒழுகவில்லை.